லினக்ஸ் மடிக்கணினிக்கு வைஃபை வந்த கதை

போன மாதம் விடுதியில் ஒரு பழைய மடிக்கணினி என் கைக்கு வந்து சேர்ந்தது. படிப்பு முடித்துப் போன ஒரு சீனியர் விட்டுச் சென்றது. அதில் இருந்த பழைய இயங்குதளம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். சரி, லினக்ஸ் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. திரை பளிச்சென்று வந்தது, பாட்டுப் பாடியது, தமிழ் எழுத்துகள்கூட ஒழுங்காகத் தெரிந்தன. ஒன்றே ஒன்றுதான் இல்லை. வைஃபை!

பக்கத்து அறை அண்ணனிடம் போய், "அண்ணா, வைஃபையே காட்ட மாட்டேங்குது" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சிப் என்னன்னு பாத்தியா? டிரைவர் ஏறியிருக்கா? ஃபர்ம்வேர் இருக்கா? நாடு சரியா இருக்கா? சுவிட்ச் போட்டிருக்கா? அஞ்சையும் பாத்துட்டு வா தம்பி" என்றார்.

மூன்றாவது கேள்வியிலேயே விடை கிடைத்தது. ஒரு சின்னக் கோப்பு இல்லை, அவ்வளவுதான். அதை மொபைலில் இறக்கி, கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றி, மறுபடி இயக்கியதும் வைஃபை வந்துவிட்டது.

வேலை முடிந்தது, ஆனால் மனசு அடங்கவில்லை. ஒரு சாதாரண வைஃபைக்கு ஏன் ஐந்து கேள்விகள்? தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது. அந்த ஐந்தும் ஏதோ கணினி மந்திரங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது, சில மனிதர்களின் பல வருட உழைப்பு இருக்கிறது. அதைத்தான் இங்கே வரிசையாக எழுதப் போகிறேன்.

முதல் கேள்வி: சிப் என்ன?

கதை 1985இல் தொடங்குகிறது. அந்த வருடம் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட மூன்று அலைவரிசைகளை யாரும் உரிமம் வாங்காமல் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிற அதே அலைவரிசை. இரைச்சல் மிகுந்த இடம் என்று பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத இடம். கடைகளில் உள்ள கல்லாப்பெட்டி இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க வழி தேடிய என்சிஆர் நிறுவனம், நெதர்லாந்தில் இருந்த தன் பொறியாளர்களைக் கொண்டு வேவ்லேன் என்ற அட்டையை உருவாக்கியது. இன்றைய வைஃபையின் தாத்தா அதுதான்.

1997இல் 802.11 என்ற பொதுத்தரம் வந்தது. 1999இல் 802.11பி வந்து வேகம் 11 மெகாபிட் ஆனது. அதே வருடம் ஆப்பிள் தன் ஐபுக் மடிக்கணினியில் ஏர்போர்ட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அப்போதுதான் பொதுமக்கள் இதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

லினக்ஸ்காரர்கள் அப்போது பின்தங்கியிருக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஹெச்பி நிறுவனத்தில் வேலை பார்த்த ழான் டூரில் என்பவர் 1990களின் பிற்பகுதியிலேயே வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற அமைப்பை எழுதிவிட்டார். பழைய ஆட்கள் இன்றும் பழக்கதோஷத்தில் அடிக்கிற 'ஐடபிள்யூகான்ஃபிக்' கட்டளை அவர் கொடுத்ததுதான். லூசன்ட் நிறுவனத்தின் அட்டைகளுக்கும், இன்டர்சில் நிறுவனத்தின் பிரிசம் சிப்புக்கும் லினக்ஸ் டிரைவர்கள் இருந்தன. பின்லாந்தைச் சேர்ந்த யோனி மாலினன் எழுதிய ஹோஸ்ட்ஏபி டிரைவரைக் கொண்டு சாதாரணக் கணினியையே வைஃபை நிலையமாக மாற்ற முடிந்தது.

அந்தக் காலத்தில் வைஃபை என்பது மடிக்கணினியின் பக்கவாட்டில் சொருகும் அட்டை. லினக்ஸில் ஓடுகிற அட்டை எது என்று விசாரித்து வாங்கிக்கொள்ளலாம். அதிலும் ஒரு வம்பு இருந்தது. அட்டைப்பெட்டியில் அதே பெயர், அதே படம், அதே மாடல் எண் இருக்கும். உள்ளே மட்டும் வேறு நிறுவனத்தின் சிப்பை மாற்றியிருப்பார்கள்! நண்பன் வாங்கியது ஓடும், நீங்கள் வாங்கியது ஓடாது. அதனால்தான் லினக்ஸ்காரர்கள் பிராண்டைக் கேட்பதில்லை, சிப்பைக் கேட்கிறார்கள். 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளை ஒவ்வொரு சிப்புக்கும் உள்ள அடையாள எண்ணைக் காட்டும். 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் ஏதெரோஸ், 8086 என்றால் இன்டெல். தன் புகழ்பெற்ற பிராசசரின் எண்ணையே இன்டெல் தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

2003 மார்ச் மாதம் இன்டெல் சென்ட்ரினோவை அறிமுகம் செய்தது. பிராசசர், சிப்செட், வைஃபை மூன்றும் ஒரே தொகுப்பு. வைஃபை அட்டை மடிக்கணினியின் வயிற்றுக்குள் போய்விட்டது. வாங்குபவர் கையிலிருந்த தேர்வும் அதோடு போனது. அட்டையைக் கழற்றி வேறு மாட்டலாம் என்றால், சில நிறுவனங்கள் தாங்கள் அனுமதிக்காத அட்டையைக் கண்டால் கணினி தொடங்கவே கூடாது என்று பயாஸில் பூட்டுப் போட்டு வைத்திருந்தன. அறிமுகமான நாளில் சென்ட்ரினோவின் வைஃபைக்கு லினக்ஸ் டிரைவர் இல்லை. ஒரு வருடம் கழித்து, 2004இல்தான் இன்டெல் அதற்கான வேலையைத் தொடங்கியது. பிராட்காம் அதுகூடச் செய்யவில்லை. டிரைவரும் இல்லை, சிப் எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணமும் இல்லை.

இரண்டாம் கேள்வி: டிரைவர் ஏறியிருக்கா?

ஆவணம் கொடுக்காமல் ஏன் மறைத்தார்கள்? தொழில் ரகசியம் ஒரு காரணம். நிறுவனங்கள் வெளியே சொன்ன காரணம் வேறு. இந்தச் சிப்புகளில் எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் ஒலிபரப்புவது என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது. நிரலைத் திறந்து கொடுத்தால் யாராவது அதை மாற்றி, தடை செய்யப்பட்ட அலைவரிசையில் ஒலிபரப்பிவிடுவார்கள், அரசு நம்மைப் பிடிக்கும் என்று பயந்தார்கள். ஏதெரோஸ் சிப்புக்கான மேட்வைஃபை டிரைவரில் சுற்றியுள்ள நிரல் திறந்திருக்கும். நடுவில் 'ஹால்' என்ற ஒரு பகுதி மட்டும் பூட்டிய பெட்டியாக வரும். கர்னல் மாறினாலோ, உள்ளே ஒரு பிழை இருந்தாலோ, வெளியில் யாராலும் அந்தப் பெட்டியைத் தொட முடியாது.

பெட்டி கூடக் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? 2003இல் ஒரு விசித்திரமான யோசனை பிறந்தது. விண்டோஸ் டிரைவர்தான் எல்லோரிடமும் சிடியில் இருக்கிறதே, அதையே லினக்ஸில் ஓட்டினால் என்ன? அதுதான் என்டிஐஎஸ்ராப்பர். விண்டோஸ் டிரைவரைச் சுற்றி ஒரு நாடக மேடை போட்டு, நீ இருப்பது விண்டோஸ்தான் என்று அதை நம்ப வைக்கும் வித்தை. டிரைவர் எதைக் கேட்டாலும் விண்டோஸ் சொல்கிற பதிலையே திருப்பிச் சொல்லும்.

ஆயிரக்கணக்கானவர்கள் இதனால் இணையத்தைப் பார்த்தார்கள். ஆனால் இரவல் சட்டை எங்கோ ஓர் இடத்தில் பிடிக்கத்தானே செய்யும். விண்டோஸ் கர்னல் தன் டிரைவர்களுக்கு 12 கிலோபைட் அடுக்கு நினைவகம் தரும். 2004 வாக்கில் ஃபெடோரா போன்ற சில லினக்ஸ் தொகுப்புகள் அதை 4 கிலோபைட்டாகச் சுருக்கின. விண்டோஸ் டிரைவர் தனக்கு இடம் இருக்கிறது என்று நினைத்துக் காலை நீட்டும். கணினி அப்படியே உறைந்துவிடும். லினக்ஸ் நிலையானது என்று நண்பனிடம் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போது இப்படி நடந்தால் எப்படி இருக்கும் யோசித்துப் பாருங்கள்!

மூன்றாம் கேள்வி: ஃபர்ம்வேர் இருக்கா?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிராட்காம் ஆவணம் தராது என்றானபின் சிலர் சேர்ந்து, சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு வாசல் கிடைத்தது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டர் லினக்ஸில் ஓடுகிறது என்பது 2003இல் தெரியவந்தது. ஜிபிஎல் உரிமத்தின்படி நிரலை வெளியிட வேண்டும் என்று பலரும் கேட்க, நிறுவனம் வெளியிட்டது. அந்த ரவுட்டருக்குள் இருந்தது பிராட்காம் சிப். ஆனால் வயர்லெஸ் டிரைவர் மட்டும் மூல நிரலாக வரவில்லை, இயந்திர மொழியில்தான் இருந்தது. இருந்தாலும் லினக்ஸுக்காகவே எழுதப்பட்ட ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டது.

இங்கே அவர்கள் எடுத்த முடிவு முக்கியமானது. இயந்திர மொழியைப் பிரித்துப் படித்தவரே டிரைவரையும் எழுதினால், திருடிவிட்டார் என்று வழக்குப் போட இடம் உண்டு. அதனால் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு பிரித்துப் படித்து, சிப் என்ன செய்கிறது என்பதை வார்த்தைகளில் ஆவணமாக எழுதியது. இன்னொரு குழு அந்த ஆவணத்தை மட்டும் படித்து, புதிதாக நிரல் எழுதியது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். 'சுத்த அறை' முறை என்று இதைச் சொல்வார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் ப்யூஷ் போன்றவர்கள் நிரல் எழுதும் பக்கம் இருந்தார்கள். 2005 டிசம்பரில் டிரைவர் ஓடுகிறது என்று அறிவித்தார்கள். 2006 ஜூனில் வெளியான 2.6.17 கர்னலில் அது சேர்ந்தது. நிறுவனம் நினைத்திருந்தால் சில பக்க ஆவணங்களில் முடிந்திருக்கும் வேலை!

இப்படிக் கஷ்டப்பட்டு எழுதியதால் அந்த நிரலை அவர்கள் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். 2007 ஏப்ரலில் ஓபன்பிஎஸ்டி திட்டத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பிராட்காம் டிரைவரில் தங்கள் ஜிபிஎல் நிரல் அனுமதியில்லாமல் கலந்திருக்கிறது என்று ப்யூஷ் பொதுவில் மின்னஞ்சல் அனுப்பினார். தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கொதித்தது. முடிவில் அந்த ஓபன்பிஎஸ்டி டிரைவர் நீக்கப்பட்டது. இரண்டு பக்கமும் ஒரே நிறுவனத்தின் மௌனத்தால் பாதிக்கப்பட்டவர்கள். ஆனால் அடித்துக்கொண்டது அவர்கள் இருவரும்தான். படித்தபோது வருத்தமாக இருந்தது.

டிரைவர் வந்த பிறகும் ஒரு முடிச்சு மிஞ்சியது. சிப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிராசசர் உண்டு. அது ஓடத் தேவையான நிரல்தான் ஃபர்ம்வேர். கணினி தொடங்கும்போது டிரைவர் அதை எடுத்து சிப்பில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பு பிராட்காமின் சொத்து, லினக்ஸ் தொகுப்புகள் அதைச் சேர்த்துக் கொடுக்க அனுமதி இல்லை. எனவே 'ஃபர்ம்வேர் கட்டர்' என்று ஒரு கருவி எழுதினார்கள். நிறுவனத்தின் டிரைவர் கோப்பை நீங்களே இறக்கி, அதிலிருந்து தேவையான துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். சரி, அந்தக் கோப்பை இறக்க என்ன வேண்டும்? இணையம்! இணையம் வர என்ன வேண்டும்? அந்தக் கோப்பு! பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் நடக்கும், கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். அன்று எத்தனை பேர் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு பென் டிரைவோடு ஓடியிருப்பார்களோ!

என் கணினியில் இல்லாமல் போனதும் இந்த ஃபர்ம்வேர் வகைக் கோப்புதான். வேறு சிப், வேறு கோப்பு. ஆனால் கதை ஒன்றே.

நான்காம் கேள்வி: நாடு சரியா இருக்கா?

இதைக் கேட்டபோது அண்ணன் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன்.

ஒவ்வொரு நாடும் அலைவரிசைக்குத் தன் சட்டம் வைத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்காவில் வழக்கமாக 1 முதல் 11 வரையிலான சேனல்கள். ஐரோப்பாவில் 13 வரை. ஜப்பானில் பழைய 802.11பிக்கு மட்டும் 14ஆவது சேனலும் உண்டு. இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் இந்த அலைவரிசை உரிமம் இல்லாத பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. உங்கள் ரவுட்டர் 13ஆவது சேனலில் இருந்து, மடிக்கணினி தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், அந்த ரவுட்டர் அதன் கண்ணுக்கே தெரியாது. மொபைலில் தெரியும், கணினியில் தெரியாது.

இந்தச் சட்டங்களைக் காட்டித்தான் 2006இல் இன்டெல் தன் 3945 சிப்புக்கு மூல நிரல் இல்லாத ஒரு பின்னணிச் செயலியையும் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்றது. ஓபன்பிஎஸ்டியின் டேமியன் பெர்காமினி அந்தச் செயலி இல்லாமலேயே அதே சிப்பை ஓட்டிக் காட்டினார். அப்புறம் இன்டெலும் வழிக்கு வந்தது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் சேர்ந்த அதன் புதிய டிரைவருக்கு அந்தச் செயலி தேவைப்படவில்லை.

லினக்ஸ்காரர்கள் சட்டத்தை மீறவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். உலக நாடுகளின் விதிகளை எல்லாம் ஒரே பொதுக் கோப்பாகத் தொகுத்து, கர்னல் அதன்படி நடக்கும்படி 2008இல் செய்தார்கள். மறைத்து வைத்துத்தான் சட்டத்தைக் காப்பாற்ற முடியும் என்றவர்களுக்கு, திறந்து வைத்தும் காப்பாற்றலாம் என்று செய்து காட்டிய பதில் அது. 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்று கேட்டால் உங்கள் கணினி எந்த நாட்டில் இருப்பதாக நினைக்கிறது என்று சொல்லிவிடும்.

ஐந்தாம் கேள்வி: சுவிட்ச் போட்டிருக்கா?

சிரிக்காதீர்கள், இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். விமானத்தில் ஏறினால் ரேடியோவை அணைக்க வேண்டும் என்பதற்காக மடிக்கணினிகளில் சுவிட்ச் வைத்தார்கள். சிலவற்றில் நகர்த்தும் சுவிட்ச், சிலவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துவது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழி. சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று லினக்ஸுக்குத் தெரிவிக்கப் பொதுவான முறையே இல்லை. 2007 ஜூலையில் வந்த 2.6.22 கர்னலில் 'ஆர்எஃப்கில்' என்ற அமைப்பு வந்தது. 2009இல் அது திருத்தி எழுதப்பட்டது. இன்று 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்தால், மென்பொருளால் அணைந்ததா, வன்பொருள் சுவிட்சால் அணைந்ததா என்று தனித்தனியாகக் காட்டும். சுவிட்ச் பழுதான கணினிகளில் அட்டையின் 20ஆவது முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டி ரேடியோவை உயிர்ப்பித்தவர்களும் உண்டு!

காற்று திசை மாறிய வருடங்கள்

2007க்கு முன் ஒவ்வொரு டிரைவரும் வைஃபையின் பொது வேலைகளைத் தன் பாணியில் தனியாகச் செய்துகொண்டிருந்தது. ஊருக்கு ஒரு கிணறு போதும், ஆனால் வீட்டுக்கு ஒரு கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். 2006இல் டிவைஸ்கேப் என்ற நிறுவனம் தான் எழுதி வைத்திருந்த முழு அமைப்பையும் ஜிபிஎல்லில் கொடுத்தது. அது மேக்80211 என்ற பெயரில் அதே 2.6.22 கர்னலில் சேர்ந்தது. அதன்பின் டிரைவர் எழுதுவது எளிதானது.

ஏதெரோஸ் பக்கமும் பூட்டு உடைந்தது. ஓபன்பிஎஸ்டியின் ரைக் ஃப்ளோட்டர் அந்த 'ஹால்' பெட்டிக்கு மாற்றாக ஒன்றை எழுதியிருந்தார். அது களவு நிரல் அல்ல என்று சட்ட வல்லுநர்கள் ஆராய்ந்து 2007இல் சொன்னார்கள். அதன் மேல் கட்டிய டிரைவர் 2008 ஏப்ரலில் கர்னலில் சேர்ந்தது. மூன்றே மாதத்தில், 2008 ஜூலையில், ஏதெரோஸ் நிறுவனமே தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது! பிராட்காமும் 2010 செப்டம்பரில் தன் புதிய சிப்புகள் சிலவற்றுக்கு அதைச் செய்தது. ஐந்து வருடம் தட்டிய பிறகு கதவு உள்ளிருந்து திறந்தது.

இதெல்லாம் இன்று எதற்கு?

ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது நண்பர்களே. வைஃபை பிரச்சினை என்று தேடினால் இன்றும் 2006, 2007ஆம் வருட அறிவுரைகள் வந்து விழுகின்றன. என்டிஐஎஸ்ராப்பர் போடு, அந்தக் கோப்பை வெட்டு, இந்த வரியைச் சேர் என்று. தேதி பாராமல் செய்தால் ஓடிக்கொண்டிருப்பதும் கெட்டுவிடும். இன்றைக்கு வரிசை எளிது. முதலில் சுவிட்ச். அடுத்து சிப் எண். பிறகு 'டிமெஸ்க்' செய்தியில் ஃபர்ம்வேர் ஏறவில்லை என்று புலம்பல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோப்பைத் தேடுங்கள். டிரைவர் பெயர், நாடு இரண்டையும் கடைசியில் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் தீர்ந்துவிடும்.

ஆனால் கதை சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிரைவர்கள் திறந்துவிட்டன. ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடியேதான் இருக்கிறது. ஏதெரோஸின் சில யுஎஸ்பி சிப்புகளுக்கு 2013இல் ஃபர்ம்வேர் மூல நிரலும் வெளியானது, ஆனால் அது விதிவிலக்கு. கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கையில் மிகக் கறாராக இருந்த டெபியன் திட்டம்கூட 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் மூடிய ஃபர்ம்வேரையும் சேர்க்கலாம் என்று முடிவு செய்தது. 2023இல் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. என்னைப் போன்ற ஒரு மாணவன் நள்ளிரவில் கோப்பைத் தேடி அலைய வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான் அது. விட்டுக்கொடுத்தது கொள்கையின் ஒரு துண்டு. எது சரி என்று என்னால் முழுதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு அந்தச் சின்னக் கோப்பைத் திறந்து பார்த்தேன். புரியாத எழுத்துகள்தான் ஓடின. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. ஆனால் அது இல்லாமல் என் கணினிக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை. ஐந்து கேள்விகளில் நான்குக்கு யார் யாரோ உட்கார்ந்து விடை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றாவது கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் மடிக்கணினியில் வைஃபை தானாக வந்து நின்றால், ஒரு நிமிடம் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.